காலித் துறைமுகத்தில் ஒரு நாள்

மலைநாட்டிலே பிறந்து வளர்ந்த நமக்குக் கடல் என்றால் எப்பொழுதும் ஒரு வியப்பு. கந்தப்பளையின் பனி விலகாத காலைப் பொழுதிலே கம்பளிச் சட்டையணிந்து பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளிடம், "இவ்வாண்டுச் சுற்றுலாவுக்கு எங்கே போகலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர், "கடலுக்கு" என்றே விடை பகர்வர். கடலையும் காட்டி, வரலாற்றையும் கற்பிக்கவல்ல ஓர் ஊரை இவ்வாரம் நேயர்களுக்கு அறிமுகஞ் செய்ய விரும்புகிறேன். அதுவே தென்னிலங்கையின் காலி மாநகர்.

ஒருமுறை மாணவர் குழுவொன்றுடன் அவ்வூருக்குச் சென்றிருந்தேன். கோட்டை வாயிலண்டை பஸ் வண்டியிலிருந்து இறங்கியதும், பிள்ளைகள் எல்லோரும் மதிலை அண்ணாந்து பார்த்து நின்றனர். அவர்களுள் ஒருவன் மட்டும், "சேர், இது போர்த்துக்கேயர் தொடங்கியது, ஒல்லாந்தர் கட்டியது, ஆங்கிலேயர் ஆண்டது என்கிறீர்கள். இங்கே நமக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. "மாலையில் சொல்கிறேன், தம்பி, முதலில் சுற்றிப் பார்ப்போம்" என்றேன். நேயர்களும் அவ்வாறே சற்றுப் பொறுத்து என்னுடன் வரவேண்டும்.

மலையிலிருந்து இறங்கிய ஒரு யாத்திரிகர்

காலியைக் காணச் சென்ற புகழ்மிக்க பிரயாணிகளுள் ஒருவர் நம் மலைநாட்டு வழியாகவே அங்கே சென்றார். அவர் பெயர் இபுனு பதூதா. மொறொக்கோ நாட்டின் பழம்பெருந் துறைமுகமாகிய தாஞ்சியர் நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்தவர். தம் இருபத்தோராவது வயதில் ஊரை விட்டுப் புறப்பட்ட அவர், பல தேசங்களைச் சுற்றி, மாலைதீவிலிருந்து 1344ஆம் ஆண்டிலே புத்தளத்துப் பக்கம் வந்து கரையேறினார். அப்பகுதியில் அப்போது அதிகாரஞ் செலுத்திய ஆரியச்சக்கரவர்த்தி அவரை விருந்தினராக ஏற்று உபசரித்தார். பாரசீக மொழி அறிந்திருந்த அம்மன்னரிடம் அவர் வேண்டியது ஒன்றே: நாம் சிவனொளிபாதம் என வணங்கும் மலையைத் தரிசிக்க வழித்துணை. மன்னரும் துணையாட்களைக் கொடுத்தனுப்பினார்.

மலையேறி இறங்கிய இபுனு பதூதா, தென்கோடியிலுள்ள தெவிநுவரைக்குச் சென்றார். அங்கே விளங்கிய பெருங்கோயிலையும், அதனைச் சூழ வாழ்ந்த அந்தணர், யோகியர் கூட்டத்தையும் தம் பயண நூலிலே வியந்து பேசுகிறார். அங்கிருந்து காலி. "காலி" என்னும் பெயரையே அவர் எழுதி வைத்துள்ளார். அது அன்று ஒரு சிற்றூர். இப்ராஹீம் என்ற கப்பல் தலைவர் ஒருவர் அவருக்கு அங்கே விருந்தளித்தார். பின்னர் கொழும்பு வழியாகப் புத்தளம் திரும்பினார்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். போர்த்துக்கேயர் இத்தீவுக்கு வந்தபோது ஒரு சேவல் கூவியதாகவும், அவர்கள் மொழியிற் சேவலைக் குறிக்கும் சொல்லே ஊருக்குப் பெயராயிற்று என்றும் ஒரு கதை வழங்குகின்றது. ஆனால் போர்த்துக்கேயர் வந்தது பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே. மொறொக்கோ யாத்திரிகரோ அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இப்பெயரைக் கேட்டுவிட்டார்! எனவே சேவற்கதை கதையே. பாறையைக் குறிக்கும் "கல" என்ற சிங்களச் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

மதிலும் கொத்தளமும்

போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டிலே இங்கு ஓர் அரணை எழுப்பினர். 1640ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இன்று நாம் காணும் பெருமதில் அவர்கள் காலத்தது. கடற்பக்க மதில் 1729ஆம் ஆண்டிலே கட்டப்பட்டுக் கோட்டை முழு வளையமாயிற்று. பதினான்கு கொத்தளங்களும் 52 ஹெக்டேயர் பரப்பும் கொண்ட இக்கோட்டை 1796ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1988ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

நிலப்பக்கத்தைக் காத்து நிற்கும் மூன்று கொத்தளங்களுக்குச் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே 1873ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் திறந்த வாயில் வழியாகவே இப்போது வண்டிகள் உட்செல்கின்றன. எனினும் துறைமுகப் பக்கத்திலுள்ள பழைய வாயிலைப் பாராமல் வரலாகாது. அதன் வெளிப்புறத்தில் ஆங்கில அரசின் சின்னம். உட்புறத்தில் 1669 என்ற ஆண்டோடு, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம். இரு சிங்கங்கள் தாங்க, மேலே சேவல் வீற்றிருக்க, நடுவிலே வி.ஓ.சி. என்ற மூன்றெழுத்து.

அவ்வெழுத்துகளைக் கண்டதும் நம் பிள்ளைகள் சிரித்துவிட்டனர். வேறு யாரை நினைப்பார்கள்? தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் ஓட்டுவதற்காக 1906ஆம் ஆண்டில் கம்பெனி தொடங்கிய வ.உ. சிதம்பரம்பிள்ளையைத்தான்! கடல் வாணிபத்தால் நாடுகளை வளைத்த கம்பெனிக்கும், அத்தகைய ஏகபோகத்தை எதிர்த்துக் கப்பல் விட்ட தமிழருக்கும் ஆங்கிலத்தில் ஒரே முதலெழுத்துகள் அமைந்தது தற்செயலே. ஆயினும் மறக்கவொண்ணாத தற்செயல்.

மதிலின்மேல் நடந்து செல்லும்போது அதன் கற்களைக் கூர்ந்து நோக்குங்கள். கருங்கல்லோடு கடலிலிருந்தெடுத்த பவளக்கல்லும் கலந்திருக்கக் காண்பீர்கள். கோட்டையின் அமைப்பு ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஆனால் அதனைக் கட்டிய கைகள் இந்நாட்டுத் தொழிலாளர் கைகள். நீள அகல உயரங்கள் யாவும் இப்பிரதேசத்து அளவுமுறைப்படியே அமைந்துள்ளன என்று யுனெஸ்கோவின் குறிப்பே கூறுகிறது. வாயிலில் சின்னம் பொறித்தவர் ஒருவர். கல் சுமந்தவர் வேறொருவர். தேயிலை மலைகளைத் தங்கள் கைகளால் உருவாக்கியவர்களின் பிள்ளைகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தெருக்களும் கோயில்களும்

உட்கோட்டைத் தெருக்கள் நேரானவை. வீடுகள் தூண் தாங்கிய திண்ணைகளோடு விளங்குகின்றன. தெருவோரத்திலே நிழல் பரப்பும் மரத்தைப் பார்த்துச் சிங்களத்தில் "சூரியா" என்பார்கள். நம் பூவரசு அதுவே. ஒல்லாந்தர் அமைத்த நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்கள் கடல்நீராற் கழுவப்படும் வண்ணம் செய்யப்பட்டவை. டிரைட்டன் கொத்தளத்தில் இருந்த ஒரு காற்றாலை அதற்கு நீரிறைத்தது. அக்காலத்திலேயே நகர்ச் சுகாதாரத்தை எண்ணிச் செய்த இவ்வேலை பாராட்டுக்குரியது.

ஒல்லாந்தர் தேவாலயம் 1755ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் தரையெங்கும் கல்லறைப் பலகைகள் பாவப்பட்டுள்ளன. பொன் தேடி வந்து, தாயகம் திரும்பாமலே இங்கு மண்ணானவர்களின் பெயர்கள் அவற்றிற் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு அண்மையிலே ஆங்கிலேயரின் சகல பரிசுத்தவான்கள் ஆலயம். வாயிலுக்கு அருகே மதிலின் பின்னணியில் உயர்ந்து நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம், காலிமக்கள் தம் அன்புக்குரிய வைத்தியர் பீட்டர் டானியல் அந்தோனிசின் நினைவாக 1883ஆம் ஆண்டிலே நன்கொடை திரட்டி எழுப்பியது.

தென்கிழக்கு முனையிலே வெளிச்சவீடு. 1848ஆம் ஆண்டில் அமைந்த முதல் வெளிச்சவீடு பின்னர் தீக்கிரையாயிற்று. இப்போதுள்ளது 1939ஆம் ஆண்டில் எழுந்தது. அதன் எதிரே வெண்ணிறத்தில் ஒளிரும் கட்டடத்தைத் தூரத்தே கண்டவர் கிறிஸ்தவ ஆலயம் என்றே நினைப்பர். அருகே சென்றால் அது மீரான் பள்ளிவாசல் என்பது விளங்கும். அதன் நிழலில் நின்ற முதியவர் ஒருவர், "எங்கேயிருந்து வாரிய, பிள்ளைகள்?" என்று தமிழிலேயே எம்மை விசாரித்தார். பிள்ளைகள் திகைத்துப் போயினர். கோட்டையில் வாழும் முஸ்லிம் மக்கள் பலரின் வீட்டுமொழி தமிழ் என்பதை அவர்கள் அன்றுதான் அறிந்தனர்.

பழைய ஒல்லாந்தப் பண்டகசாலையிலே கடல்சார் நூதனசாலை இருக்கிறது. காலித் துறையின் அடித்தளத்தில் பல கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றன. அவற்றுள் 1659ஆம் ஆண்டில் மூழ்கிய "அவொண்ட்ஸ்டர்" என்ற ஒல்லாந்தக் கப்பலை, இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே தொல்லியலாளர் நீருக்கடியில் ஆராய்ந்தனர். கடலிலிருந்து மீட்ட பொருள்களைப் பார்க்கும்போது, வரலாறு மண்ணுக்குள் மட்டுமன்று, நீருக்குள்ளும் உறங்குகிறது என்பது புலனாகும்.

ஒரு துறைமுகம் தேய்ந்த கதை

இத்துணைச் சிறப்புடைய துறைமுகம் ஏன் ஒடுங்கிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே ஐரோப்பாவிலிருந்து வரும் தபாற் கப்பல்கள் காலிக்கே வந்தன. 1850களில் "சிலோன் ஒப்சர்வர்" பத்திரிகை, கப்பல் கொண்டுவந்த செய்திகளைக் காலியிலிருந்து கொழும்புக்குப் புறாக்களின் காலிற் கட்டி அனுப்பியதுண்டு. ஆனால் காலித் துறையின் வாயில் பாறைகள் நிறைந்தது. பருவக் காற்றுக் காலத்திலே கப்பல்களுக்கு அபாயமானது. கொழும்பில் 1875ஆம் ஆண்டு அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1885ஆம் ஆண்டில் அது முற்றுப்பெற்றது. கப்பல்கள் கொழும்பை நாடின. காலி தனித்தது.

நம் மலைகளில் நடந்ததையும் இங்கே சேர்த்து எண்ணுங்கள். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன்பின் மலையெங்கும் தேயிலை படர்ந்தது. ஆகவே தேயிலைச் செல்வம் கடலைத் தேடி இறங்கிய காலத்தில் அதனை ஏற்றியனுப்பும் பேறு கொழும்புக்கே வாய்த்தது. மலை தழைத்த அதே ஆண்டுகளில் காலி தளர்ந்தது.

ஆனால் அத்தளர்ச்சியே அதற்கு அரணாயிற்று. வாணிபம் பெருகிய கொழும்பிலே பழைய கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. காலியிலோ மதிலை இடிக்க வேண்டிய அவசியமே எழவில்லை. மொறொக்கோவிலும் இத்தகைய வரலாறு உண்டு. அட்லாண்டிக் கரையிலே பதினெட்டாம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட எஸ்ஸவீரா என்னும் மதில் சூழ்ந்த துறைமுகம், ஒருகாலத்தில் அந்நாட்டின் தலையாய வாணிபத் துறையாக விளங்கியது. அந்நாட்டார் புதினாவும் சீனியும் சேர்த்து அருந்தும் பச்சைத் தேயிலை வந்திறங்கிய துறைகளுள் அதுவும் ஒன்று. பின்னர் கசபிளங்கா வளர, எஸ்ஸவீரா ஒதுங்கிற்று. ஒதுங்கியதால் பழைமை மாறாது பிழைத்து, 2001ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இபுனு பதூதாவின் நாட்டுத் துறைமுகத்துக்கும் அவர் விருந்துண்ட துறைமுகத்துக்கும் வாய்த்த விதி ஏறத்தாழ ஒன்றே.

மதிலின் அருமையை அண்மைக் காலத்தில் உலகம் கண்டது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, வெளியேயிருந்த புதுநகரும் பஸ் நிலையமும் விளையாட்டரங்கும் நாசமாயின. பல உயிர்கள் மாய்ந்தன. பீரங்கிக் குண்டுக்காக எழுப்பிய மதில், உட்கோட்டை மக்களிற் பெரும்பாலோரைக் கடலிடமிருந்து காத்தது.

அழிந்த விளையாட்டரங்கு 2007ஆம் ஆண்டில் மீண்டும் எழுந்தது. மாலை வெயிலிலே மதிலின்மேல் நின்று அதனைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். 2010ஆம் ஆண்டு ஜூலை 22ஆந் தேதி, தமது இறுதி டெஸ்ட் ஆட்டத்திலே முத்தையா முரளிதரன் எண்ணூறாவது விக்கெட்டை வீழ்த்தியது அம்மைதானத்திலேதான். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒரு தமிழரின் பேரன் அவர். இதனைக் கேட்டதும் பிள்ளைகள் ஆரவாரஞ் செய்தனர். ஆனால் காலையிற் கேள்வி கேட்ட தம்பி மாத்திரம், "அது நேற்று நடந்தது, சேர். பழைய காலத்தில்?" என்றான். அவனை நான் மனத்துள் மெச்சினேன். "அதற்கு விடை காலியில் இல்லை, கொழும்பில் இருக்கிறது" என்றேன்.

மும்மொழிக் கல்

மறுநாள் திரும்பும் வழியிலே கொழும்புத் தேசிய நூதனசாலைக்குச் சென்றோம். அங்கே ஒரு கற்பலகை நிற்கிறது. 1911ஆம் ஆண்டிலே காலி நகரில், வீதியோர மதகொன்றின் மூடுகல்லாக அது கிடந்தது. பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். கழுவிப் பார்த்தால் மூன்று மொழிகளில் எழுத்து!

சீனப் பேரரசர் யொங்லேயின் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல் அது. பொறிக்கப்பட்ட ஆண்டு 1409. சீன மொழிப் பகுதி புத்தபெருமானைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி, சிதைந்திருப்பினும், இஸ்லாமியருக்குரியது. மூன்றாவது மொழி தமிழ். தெனாவரை நாயனாரை அத்தமிழ் போற்றுகிறது. தெனாவரை என்பது தெவிநுவரையே. இபுனு பதூதா வியந்த அதே திருக்கோயில். பொன் 1000, வெள்ளி 5000 எனத் தொடங்கிப் பட்டும் வாசனை எண்ணெயுமாக நீளும் காணிக்கைப் பட்டியல் மூன்று பகுதிகளிலும் பெரும்பாலும் ஒத்திருக்கிறது. ஒரு சமயத்தாருக்குக் கூட்டியும் ஒருவருக்குக் குறைத்தும் கொடுக்காமல் மூவரையும் சமமாக மதித்த செயல் அது.

இதனால் அப்படையெடுப்பு முற்றும் சாந்தமானது என்று கொள்ளற்க. அதே செங் ஹோ 1411ஆம் ஆண்டிலே இங்கு போர் செய்து அழகேஸ்வரனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டு சென்றதும் வரலாறே. தெவிநுவரைக் கோயிலும் நிலைக்கவில்லை. 1588ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் அதனை அழித்தனர். மன்னர் போயினர், கோயில் போயிற்று. எழுதிய எழுத்து மட்டும் மதகுக்கு மூடியாய்க் கிடந்து பிழைத்திருக்கிறது.

அந்தத் தம்பி கண்ணாடிக்கருகே நின்று, எழுத்துகளை ஒவ்வொன்றாய்க் கூட்டிப் பார்த்தான். பழைய வடிவமாதலால் எளிதில் வாசிக்க இயலவில்லை. எனினும் ஒன்றிரண்டு எழுத்து பிடிபட்டதும் அவன் முகம் மலர்ந்தது.

அவனிடம் உண்மையை மறைக்காமற் சொன்னேன்: "தம்பி, இக்கல்லிலுள்ள தமிழ் வணிகரின் தமிழ், கடலோடிகளின் தமிழ். நம் பாட்டன்மார் 1820களில் தொடங்கி, கோப்பித் தோட்ட வேலைக்காக மன்னார்ப் பக்கம் இறங்கிக் கால்நடையாய் மலையேறியவர்கள். அவர்கள் காலியைக் கண்டதில்லை. ஆகவே இக்கல் நம் குடும்பத்துச் சொத்து என்று வீண்பெருமை பேசவேண்டாம். ஆனால் இவ்வூருடன் பேச விரும்பிய ஒரு பேரரசன், எந்தெந்த மொழியிற் பேசினால் கேட்பார்கள் என்று எண்ணியபோது, தமிழும் அவன் நினைவுக்கு வந்தது. அதனை யாரும் அழிக்க முடியாது."

1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதன் முழுமைக்காகக் காத்திருந்த ஒரு சமுதாயத்தின் பிள்ளை, "இங்கே நமக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பதில் வியப்பில்லை. துறைமுகம் அதற்குத் தரும் விடை இதுவே: வந்தவர் யாவரும் ஒரு காலத்தில் வந்தவரே, நின்று உழைத்தவரே ஊரை ஆக்கியவர்.

நேயர்களே! மலையிலிருந்து கொழும்பை அடைந்து, கோட்டை நிலையத்திலே தென்கரைப் புகையிரதம் ஏறினால், கடலை வலப்பக்கத்திற் கண்டுகொண்டே காலியை எய்தலாம். காலையில் தெருக்களையும் ஆலயங்களையும் நூதனசாலையையும் பாருங்கள். நண்பகல் வெயிலுக்கு ஒதுங்கியிருந்து, மாலையில் மதிலின்மேல் நடவுங்கள். அலைமோதும் பக்கத்தில் பிள்ளைகளின் கைகளைப் பற்றிக்கொள்ளுங்கள். திரும்பும்போது கொழும்பில் ஒரு மணி நேரம் தங்கி, அந்தக் கல்லையும் கண்டு வாருங்கள். காலியிற் பார்க்கத்தக்கவற்றுள் தலைசிறந்தது காலிக்கு வெளியே இருக்கிறது என்பதை அப்போது நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.